போற்றுகிறோம் சரி, கேட்கிறோமா?

மீலாது மேடையாயினும் நிஸ்வான் மதரஸாவின் பட்டமளிப்பு விழாவாயினும், பெண்ணின் சிறப்பைப் பேச எழுகின்றவரிடம் ஒரு பெயர்ப் பட்டியல் ஆயத்தமாக இருக்கும். அன்னை கதீஜா (ரலி), அன்னை ஆயிஷா (ரலி), உஹதுக் களத்தில் நபி (ஸல்) அவர்களைக் காத்து நின்ற நுஸைபா (ரலி), அதன் பின் ஃபெஸ் நகரில் பள்ளிவாசல் எழுப்பியதாகச் சொல்லப்படும் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி. பெயர்கள் வரிசையாக வரும். கூட்டம் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்னும். துஆவுடன் நிகழ்ச்சி நிறைவுறும். அன்று ஸனது பெற்ற ஆலிமாக்கள் திரைக்குப் பின்னே அமர்ந்து இவை அனைத்தையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் காலை அந்த ஆலிமாக்களுள் ஒருவரிடம் ஊரார் எவரேனும் ஒரு மஸ்அலா கேட்பாரா?

பெரும்பாலான ஊர்களில் விடை நமக்குத் தெரியும். ‘ஆலிமா’ என்னும் அடைமொழி நிக்காஹ் அழைப்பிதழில் மணமகளின் பெயருக்கு முன்னால் ஒருமுறை அச்சாகும். அதன் பிறகு அந்தக் கல்வி, பீரோவில் வைத்த பட்டுப் புடவையைப் போல, பத்திரமாக இருக்கும். நாம் மேடையில் போற்றுகின்ற பெண்மணிகளின் வாழ்வை நிதானமாகப் படிக்கும் எவருக்கும் இந்த முரண் உறுத்தாமல் போகாது. அவர்கள் தம் காலத்தில் போற்றப்பட்டவர்கள் மட்டுமல்லர், கேட்கப்பட்டவர்கள். அவர்கள் சொன்ன சொல்லின்மேல் தீர்ப்புகள் நின்றன.

அம்ரா பின்த் அப்துர் ரஹ்மானை எடுத்துக்கொள்வோம். மேடைப் பட்டியலில் இவர் பெயர் அரிதாகவே வரும். மதீனாவின் அன்ஸாரிக் குடும்பத்தைச் சேர்ந்த தாபிஈ பெண்மணி. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மடியில் வளர்ந்தவர், அவர்களிடமே பாடம் கேட்டவர். நபிமொழிகளை ஏட்டில் பதிக்க வேண்டும் என்று கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) ஆணையிட்டபோது, அம்ராவிடம் உள்ளவற்றை எழுதி வைக்கும்படி குறிப்பாகச் சொன்னதாகப் பதிவு உண்டு. அந்த ஆணையைப் பெற்றவர் அபூபக்ர் இப்னு முஹம்மத் இப்னு ஹஸ்ம். மதீனாவில் நீதி வழங்கும் பொறுப்பில் இருந்தவர். அம்ராவுக்குச் சகோதரி வழி உறவினர்.

இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிந்து வைத்திருக்கும் ஒரு நிகழ்ச்சி இந்த இருவரைப் பற்றியது. நபதி இனத்தைச் சேர்ந்த ஒருவன் சில இரும்பு வளையங்களைத் திருடிவிட்டான். அபூபக்ர் அவனைப் பிடித்துச் சிறையில் வைத்தார். கையை வெட்டுவது என்ற எண்ணத்தில் இருந்தார். செய்தி அம்ராவின் வீட்டுக்கு எட்டியது. அவர் தம் பணிப்பெண்ணை அனுப்பினார். அபூபக்ர் மக்கள் நடுவே அமர்ந்திருந்த வேளையில் அந்தப் பெண் வந்து, அவருடைய சிற்றன்னை சொல்லி அனுப்பியதைச் சொன்னாள். அற்பமான ஒரு பொருளுக்காக ஒருவனைப் பிடித்துக் கையை வெட்ட நினைக்கிறீரா? கால் தீனாருக்குக் குறைந்த பொருளுக்குக் கைவெட்டு இல்லை. அபூபக்ர் அந்த மனிதனை விடுவித்தார். இதை நமக்கு அறிவிப்பவரும் அவரே.

இந்தச் சிறிய நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியவை பல. அம்ராவை யாரும் அழைக்கவில்லை. அவருக்குப் பதவி எதுவும் இல்லை. பிடிபட்டவன் அவருக்கு உறவினன் அல்லன், அரபியனும் அல்லன். ஆனாலும் தாம் அறிந்த ஒரு சட்டம் மீறப்படப் போகிறது என்று அறிந்ததும் வீட்டில் இருந்தபடியே நீதிபதிக்குச் சொல்லி அனுப்பினார். இனி, மறுபக்கத்தையும் பாருங்கள். ‘இது வீட்டுப் பெண்கள் தலையிடும் காரியமன்று’ என்று அபூபக்ர் சொல்லியிருக்கலாம். அதுவும் பலர் முன்னிலையில், ஒரு பணிப்பெண்ணின் வாயால் வந்த திருத்தம். அவர் சொல்லவில்லை. சட்டம் யாரிடமிருந்து வருகிறது என்று அவர் பார்க்கவில்லை, சரியாக வருகிறதா என்று பார்த்தார். ஒரு மனிதனின் கை தப்பியது. கால் தீனார் பற்றிய அந்த நபிமொழி, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடமிருந்து அம்ரா வழியாக இன்றும் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் டமாஸ்கஸில் உம்முத் தர்தா என்னும் பெண்மணி பாடம் நடத்தினார். தொழுகையின் இருப்பில் அவர் ஆண்கள் அமர்வதைப் போன்றே அமர்வார் என்றும், அவர் மார்க்கச் சட்டம் அறிந்தவர் என்றும் இமாம் புகாரி (ரஹ்) தம் ஸஹீஹிலேயே குறிப்பிடுகிறார். ஒரு பெண்ணின் செயலை எடுத்துக்காட்டுமிடத்தில் அவர் ஃபகீஹா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று இமாமுக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த ஸஹீஹுல் புகாரி நம் கைக்கு வந்த வழியிலேயே ஒரு பெண் நிற்கிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கரீமா பின்த் அஹ்மத் அல்-மர்வஸிய்யா. இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள மர்வ் பகுதியைச் சேர்ந்த குடும்பம். அவருடைய தந்தை அவரை அழைத்துக்கொண்டு பயணம் புறப்பட்டார், பைத்துல் முகத்தஸ் சென்றார், பின்னர் மக்காவுக்கு வந்தார். கரீமா மக்காவிலேயே தங்கிவிட்டார். இமாம் புகாரியிடம் நேரில் கேட்டவர் ஃபிரப்ரி, அவரிடம் கேட்டவர் குஷ்மீஹனி, அவரிடம் கேட்டவர் கரீமா. இமாமுக்கும் அவருக்கும் இடையே இரண்டே பேர். ஆகவே புகாரியை உயர்ந்த அறிவிப்பாளர் வரிசையில் பெற விரும்பியவர்கள் மக்கா சென்று அவர் முன் அமர்ந்தார்கள். பக்தாதின் பேரறிஞர் கதீப் அல்-பக்தாதி ஹஜ்ஜுக்கு வந்தபோது ஸஹீஹ் முழுவதையும் ஐந்து நாட்களில் அவரிடம் ஓதி முடித்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு செய்தி. கூஃபாவைச் சேர்ந்த அபுல் கனாயிம் அந்-நர்ஸி என்ற மாணவர் கரீமாவிடம் வந்தார். அவர் தம் பிரதியை எடுத்துக் கொடுத்தார். மாணவர் எதிரே அமர்ந்து ஏழு தாள்களைப் படியெடுத்து வாசித்தார். எழுதியதை மூலத்துடன் தாமே தனியாக ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று எண்ணினார். கரீமா ஒப்பவில்லை. என்னுடன் சேர்ந்துதான் ஒப்பிட வேண்டும் என்றார். மாணவர் அப்படியே செய்தார். இமாம் தஹபி (ரஹ்) இதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார். அவர் எதை அறிவித்தாலும் தம் மூலப் பிரதியுடன் ஒப்பிட்ட பின்பே அறிவிப்பார் என்றும் எழுதுகிறார். எழுதத் தெரிந்த பெண் என்பதற்காக அவரிடம் யாரும் இரக்கம் காட்டவில்லை, சலுகையும் தரவில்லை. தம் பிரதியில் ஓர் எழுத்தும் பிசகக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற ஓர் ஆசிரியரை அவர்கள் கண்டார்கள். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானி (ரஹ்) ஃபத்ஹுல் பாரியை எழுதும்போது, பாடவேறுபாடு வரும் இடங்களில் கரீமாவின் அறிவிப்பில் இவ்வாறு உள்ளது என்று பெயர் சொல்லிக் குறித்தார். நம் மதரஸாக்களில் ஃபத்ஹுல் பாரியைப் புரட்டும் மாணவன் ஒவ்வொருவனும் அந்தப் பெயரைக் கடந்தே செல்கிறான்.

கரீமா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஹிஜ்ரி 463ஆம் ஆண்டு, ஏறத்தாழ நூறு வயதில், மக்காவில் வஃபாத்தானார். நிக்காஹ் நபிவழி என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் நம் தெருவில் ஒரு பெண் முப்பது வயதிலும் படித்துக்கொண்டிருந்தால் அவளுடைய உம்மாவிடம் நாம் கேட்கும் கேள்விகளையும், அவருடைய வாப்பா பள்ளிவாசல் ஹவுளருகே கேட்க நேரும் சொற்களையும் எண்ணிப் பாருங்கள். கரீமாவைப் பற்றி எழுதிய அறிஞர்கள் அவர் மணமாகாதவர் என்பதை ஒரு வரியில் குறித்துவிட்டு, அவருடைய அறிவிப்பின் துல்லியத்தைப் பற்றிப் பேசச் சென்றுவிட்டார்கள்.

மணமான பெண்ணின் கல்வி என்னவாகும் என்பவர்களுக்கு ஸமர்கந்தின் ஃபாத்திமாவைக் காட்டுவேன். தமிழ் முஸ்லிம்களில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோருக்கு இவர் அந்நியரல்லர். நம் ஹஜ்ரத்மார் மேற்கோள் காட்டும் ‘பதாயிஉஸ் ஸனாயிஃ’ என்ற பெருநூலுடன் அவருடைய திருமணம் பிணைந்திருக்கிறது. அவருடைய தந்தை அலாவுத்தீன் அஸ்-ஸமர்கந்தி (ரஹ்) ‘துஹ்ஃபத்துல் ஃபுகஹா’வின் ஆசிரியர். மகள் அந்த நூலை மனனம் செய்திருந்தார். ரோம் நாட்டு மன்னர்கள் பெண் கேட்டும் தந்தை கொடுக்கவில்லை. அவருடைய மாணவர் காஸானி, துஹ்ஃபாவுக்கு விரிவுரையாக பதாயிஃயை எழுதிக் கொண்டுவந்து காட்டினார். ஆசிரியர் மகிழ்ந்து மகளை அவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். அந்த நூலே மஹராயிற்று. சீர்வரிசையும் நகைக் கணக்கும் பேசி முடிக்கவே நிச்சயதார்த்தங்களில் நேரம் போதாத நமக்கு இந்தச் செய்தி கொஞ்சம் சுருக்கென்று தைக்கத்தான் வேண்டும்.

திருமணத்திற்கு முன் அவர்கள் வீட்டிலிருந்து வெளியான ஃபத்வாக்களில் தந்தை, மகள் இருவரின் கையொப்பமும் இருந்தது. மணத்திற்குப் பின் மூவரின் கையொப்பம். பிற்பாடு கணவரும் மனைவியும் ஹலப் நகரில் வாழ்ந்தார்கள். காஸானி ஃபத்வாவில் எங்கேனும் தடுமாறினால் ஃபாத்திமா காரணத்துடன் திருத்துவார், அவர் அதை ஏற்றுக்கொள்வார். ஹலாவிய்யா மதரஸாவின் அறிஞர்களுக்கு ரமளானில் இஃப்தார் அளிக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவரும் ஃபாத்திமாவே. தம் கைகளில் இருந்த இரு காப்புகளை விற்று அதற்குச் செலவிட்டார். அவர் மறைந்த பின், ஹிஜ்ரி 587இல் தாம் இறக்கும் வரை, வியாழன் இரவுதோறும் காஸானி அவருடைய கப்றைச் சந்தித்து வந்தார். அவருக்கு அருகிலேயே அடக்கமும் செய்யப்பட்டார்.

காலத்தின் எதிர்பார்ப்பை மீறிய பெண்கள் என்று இன்று இவர்களைச் சொல்கிறோம். அது பாதி உண்மை. மன்னர் குடும்பத்து மருமகளாகும் வாய்ப்பு கைவிடப்பட்டதும், மர்விலிருந்து மக்கா வந்து மணமின்றிக் கல்வியிலேயே வாழ்ந்ததும் எக்காலத்திலும் எளிய காரியங்கள் அல்ல. ஆனால் அந்த மீறலைத் தாங்கிப் பிடிக்கச் சில ஆண்களும் இருந்தார்கள் என்பதை நாம் மேடையில் சொல்வதில்லை. மகளை அழைத்துக்கொண்டு நாடு கடந்த ஒரு தந்தை. மகளின் கையொப்பத்தைத் தம் கையொப்பத்தருகே இட இடமளித்த மற்றொரு தந்தை. திருத்தத்தை ஏற்ற கணவர். ஏழு தாள்களை மீண்டும் ஒப்பிட உட்கார்ந்த மாணவர். சிற்றன்னையின் சொல்லுக்குக் கைதியை விடுவித்த நீதிபதி. பெண்ணின் துணிவை மட்டும் புகழ்ந்தால் சுமை முழுவதும் அவள் தலையில் ஏறுகிறது. அந்த ஆண்களைப் பற்றியும் பேசினால்தான் நம் பங்கு என்ன என்ற கேள்வி எழும்.

இவர்கள் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. டமாஸ்கஸ் வரலாற்றை எழுதிய இப்னு அஸாகிர் (ரஹ்) எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களிடம் பாடம் கேட்டவர். பெண் அறிவிப்பாளர்களில் பொய்யுரைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தாம் அறியவில்லை என்று, ஆண் அறிவிப்பாளர்களைத் தயவின்றி எடைபோட்ட தஹபி எழுதியிருக்கிறார். நம் நாட்டின் ஜவுன்பூரைச் சேர்ந்த அக்ரம் நத்வி நபிமொழி அறிவித்த பெண்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுக்கத் தொடங்கி, 2021இல் ஜித்தாவில் அது அச்சேறியபோது 43 தொகுதிகளாக இருந்தது.

நம் கரைக்கு இன்னும் நெருங்கிய ஒரு சான்று உண்டு. பயணி இப்னு பதூதா 1326இல் டமாஸ்கஸில் ஸைனப் பின்த் அஹ்மத் என்ற மூதாட்டியிடம் இஜாஸா பெற்றார். அவரும் மணமாகாமல் கல்விக்கே வாழ்ந்தவர். அதே இப்னு பதூதா பின்னாளில் மதுரை சுல்தானகம் வரை வந்தார் என்பது நாம் பள்ளியிலேயே படித்தது. அதற்கு முன் மேற்குக் கரையில் ஹொன்னாவர் ஊரை அடைந்தபோது அங்கே பெண் பிள்ளைகளுக்கு 13 பள்ளிகளும் ஆண் பிள்ளைகளுக்கு 23 பள்ளிகளும் கண்டதாக எழுதுகிறார். அவ்வூர்ப் பெண்கள் அனைவரும் குர்ஆனை மனனம் செய்திருந்தார்களாம். ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த, கடல் வாணிபம் செய்த முஸ்லிம் ஊர். நம் காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் போன்ற ஓர் ஊர். உலகெங்கும் சுற்றியவர் இவ்வழக்கத்தை வேறெங்கும் காணவில்லை என்று வியக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா ஊரும் அப்படி இருந்ததில்லை. ஆயினும் ஓர் ஊரால் முடிந்தது.

இப்போது நம் மஹல்லாக்களுக்கு வருவோம். ஒரு பெண் குல்உ கேட்டு ஜமாஅத் அலுவலகம் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எதிரே பத்து ஆண்கள். கணவனிடம் அவளுக்கு நேர்ந்தது என்ன என்பதை அந்த அறையில் அவள் எப்படிச் சொல்வாள்? அவளுடைய அண்ணனோ மாமாவோ அவளுக்காகப் பேசுவார். பாதி மறையும், பாதி மாறும். அந்தப் பாதியைக் கேட்டு ஜமாஅத் ஒரு முடிவெடுக்கும். இத்தா எப்போது முடிகிறது என்ற கேள்வியே ஹைளின் கணக்கைச் சார்ந்தது. பேறுகாலத்திற்குப் பின் தொழுகை எப்போது கடமையாகிறது, மாத்திரையால் மாதவிலக்குத் தள்ளிப்போனால் ஹஜ்ஜின் தவாஃப் என்னாகும் என்பனவற்றைக் கணவனிடம் சொல்லி, கணவன் ஹஜ்ரத்திடம் கேட்டு, விடை அதே வழியில் திரும்பி வரும். நேர்மையான ஹஜ்ரத்மார் பலர் இதில் படும் சங்கடத்தையும் நான் அறிவேன். அதே தெருவில், இந்தப் பாடங்களை ஆண்டுக்கணக்கில் ஓதி ஸனது பெற்ற ஒரு பெண் சமையலறையில் இருக்கிறாள்.

கேட்க ஆளில்லாதபோது பெண்கள் தாமே வழி தேடுவார்கள். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் அவர்களும் அவருடன் சேர்ந்த பெண்களும் 2000களின் தொடக்கத்தில் பெண்களுக்கெனத் தனி ஜமாஅத் ஒன்றை அமைத்தபோது நம் சமுதாயத்தில் எத்தனை கொந்தளிப்பு! அவர்களுடைய கருத்துகள் சிலவற்றுடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர்களைக் கண்டித்த மேடைகளில், அந்தப் பெண்கள் ஏன் மஹல்லா ஜமாஅத்தின் வாசலில் இருந்து திரும்பிப் போனார்கள் என்ற விசாரணை போதிய அளவு நடக்கவில்லை என்பது என் துணிபு.

நிஸ்வான் மதரஸாக்களின் பாடத்திட்டம் ஃபத்வா அளிக்கப் போதாது என்பார்கள். பெரும்பாலான இடங்களில் அது உண்மைதான். ஆண்களுக்கான ஆண்டுகளைவிட அங்கே ஆண்டுகள் குறைவு, கிதாபுகளும் குறைவு. அப்படியாயின் பாடத்திட்டத்தை நீட்டுவதல்லவா முறை? குறைவாகக் கற்பித்துவிட்டு, குறைவாகக் கற்றவள் என்று ஒதுக்குவது என்ன நியாயம்? தேர்ந்த மாணவியருக்கு ஃபிக்ஹில் மேலும் சில ஆண்டுகள், ஒரு மூத்த முஃப்தியின் மேற்பார்வையில் பயிற்சி என்று ஏற்பாடு செய்யும் வசதி நம் பெரிய மதரஸாக்களுக்கு உண்டு. ஃபித்னா என்ற அச்சத்தை எழுப்புவோரும் உளர். அம்ராவும் கரீமாவும் ஃபாத்திமாவும் நம்மைவிடப் பர்தாவில் குறைந்தவர்களா? அம்ரா வீட்டைவிட்டு வெளியே வராமலேயே ஒரு தீர்ப்பை மாற்றினார். நான் கேட்பதோ அதைவிடவும் சிறியது. பெண்களின் கேள்வியைப் பெண் கேட்கட்டும் என்பதே.

ரமளானுக்கு முன் ஒவ்வொரு மஹல்லாவிலும் நிர்வாகக் கூட்டம் நடக்கும். தராவீஹுக்கு வரும் ஹாஃபிழின் ஹதியா, நோன்புக் கஞ்சிக்கு அரிசி, மின்விசிறி பழுது என்று கணக்குகள் வாசிக்கப்படும். முத்தவல்லிமாருக்கும் செயலாளர்களுக்கும் என் வேண்டுகோள், இவ்வாண்டு அந்தக் கணக்கேட்டில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் உள்ள ஆலிமாக்களில் தகுதியான ஒருவருக்கு மாதச் சம்பளம். இனாமாக அன்று, ஹஜ்ரத்துக்குத் தருவதைப் போன்ற சம்பளம். வாரத்தில் இரண்டு நாட்கள், அஸருக்குப் பின், பெண்கள் வந்து கேட்க ஓர் அறை. தலாக், குல்உ வழக்குகளில் பெண்ணின் தரப்பை அவர் தனியே கேட்டு எழுதித் தரட்டும். அந்த எழுத்தின் கீழே அவருடைய கையொப்பமும் இருக்கட்டும்.